பட்டியும் பயிரும்: தென்னாட்டு வேளாண்மையின் ஆதிக் கதை

(சிறுசேரியில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளாண்மை எங்கே, எக்காலத்தில், எவ்விதமாகத் தொடங்கிற்று என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை அமைத்த அன்பர்கள் கேட்டுக்கொண்டபோது, இதற்கு யூப்ரடீஸ் நதிக்கரைக்கும் யாங்ட்ஸி நதிக்கரைக்கும் போய் வந்தால்தான் ஆகும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். போகத்தான் வேண்டும், ஆனால் புறப்படுகிற இடம் பல்லாவரமாக இருக்கட்டும். சிறுசேரியிலிருந்து வடமேற்கே ஒரு சிறு பயணத்தில் போய்ச் சேரக்கூடிய அந்த ஊரில், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், படைவீரர்கள் அணிவகுக்கும் மைதானத்தை ஒட்டிய செம்பூராங்கல் சரளைக் குழியொன்றில், இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேயர், மனிதன் கையால் செதுக்கப்பட்ட கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்ற சக அதிகாரியும் கொற்றலையாற்றுப் படுகையில் அதிரம்பாக்கத்தைக் கண்டார்கள். அவ்விடத்தில் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகள் பொறுமையாக நடத்திய அகழாய்வின் பயனாக, அங்குள்ள கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் உலகறியச் சொல்லப்பட்டது.

இந்தக் கணக்கை நான் சொல்வது ஊர்ப்பெருமைக்காக அன்று. தென்னாட்டில் மனிதர் ஆடுமாடுகளைப் பட்டியில் அடைக்கத் தொடங்கியது இற்றைக்குச் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்புதான். ஆக, இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் சுற்றுவட்டத்தில் மனிதவர்க்கம் நடமாடிய காலத்தை முந்நூறு பங்கு வைத்தால், அதில் ஒரேயொரு பங்குதான் வேளாண்மையும் கால்நடையும் கொண்ட காலம். எஞ்சிய இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பங்கும் கிழங்ககழ்ந்தும், கனி பறித்தும், வேட்டையாடியும், மீன்பிடித்தும் கழிந்தது. அந்த நெடுங்காலத்தை அநாகரிகம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது நியாயமல்ல. 1960களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கப் பயிரியல் அறிஞர், துருக்கியின் தென்கிழக்கு மலைச்சரிவில் தானாக விளைந்து நின்ற காட்டுக் கோதுமையை, பழங்காலத்தாரைப் போல் சிக்கிமுக்கிக்கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். ஒரு குடும்பம் மூன்று வார காலம் முனைந்து அறுத்தால், ஆண்டு முழுவதும் உண்டு தீர்க்க முடியாத தானியத்தைச் சேர்த்துவிடலாம் என்பது அவர் கண்ட முடிவு. உழாமலும் விதைக்காமலும் இவ்வளவு கிடைக்குமானால், மனிதன் எதற்காக முதுகு வளைத்து மண்ணைக் கிளற முற்பட்டான் என்ற கேள்விதான் இத்துறையின் மூலக் கேள்வி. அதிலும், உழவுக்கு மாறிய தொடக்கத் தலைமுறைகளின் எலும்புகளைப் பரிசோதித்தவர்கள், பல நாடுகளில் அவர்கள் தங்கள் வேட்டை முன்னோரைவிட உயரம் குறைந்தும், பல் சொத்தையுற்றும், நோய்வாய்ப்பட்டும் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். வயல் மனிதனுக்கு அதிகமாகக் கொடுத்தது சோற்றை. அது கொடுத்த அளவுக்குப் பிள்ளைகளும் பெருகினார்கள். பெருகியபின் திரும்பிப் போக வழியில்லை.

கோர்டன் சைல்டு என்ற பேரறிஞர் இம்மாற்றத்துக்குப் ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று பெயரிட்டு, 1936இல் வெளிவந்த தம் நூலில் அதைப் பிரசித்தமாக்கினார். புரட்சி என்றதும் ஓரிரவில் நிகழ்ந்ததொன்று போல் நம் மனத்தில் படுகிறது. நிகழ்ந்தது அப்படியன்று. காட்டுப் புல்லின் மணி முற்றியவுடன் தானாகவே உதிர்ந்து விடும். உதிர்ந்தால்தான் அதற்கு வம்சம். மனிதன் அறுத்துக் கொண்டுவந்து மறுபடி விதைக்கும் புல்லிலோ, உதிராமல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டிருந்த மணிகள்தான் அதிகமாக வீடு வந்து சேரும்; வீடு வந்ததுதான் விதையாகும். இப்படி ஆண்டுக்காண்டு, தான் என்ன செய்கிறோம் என்றே அறியாமல், மனிதன் உதிராத பயிரைத் தேர்ந்துகொண்டே வந்தான். சீனத்தில் யாங்ட்ஸி நதியின் கீழ்ப்பகுதியிலுள்ள தியான்லுவோஷான் என்ற இடத்தில் கிடைத்த நெல்மணிகளின் காம்படியை டோரியன் ஃபுல்லரும் சீன ஆராய்ச்சியாளர்களும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் நூற்றுக்கு 27ஆக இருந்த உதிரா நெல், 300 ஆண்டுகள் கழிந்தபின் நூற்றுக்கு 39ஆகத்தான் உயர்ந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு தலைமுறை உழைப்புக்குக் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவே. இதைப் புரட்சி என்பது சற்று அதிகம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழர்க்கு உழவென்றால் நெல், நெல்லென்றால் நன்செய், நன்செயென்றால் மருதம். இந்த எண்ணம் நம்முள் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறதென்றால், சரித்திரத்தையும் அந்த வழியாகவே நாம் பார்க்கப் பழகிவிட்டோம். பி. டி. சீனிவாச ஐயங்கார் 1929இல் வெளியிட்ட தம் தமிழர் வரலாற்றில், ஐந்திணைகளை வெறும் கவிமரபாகக் கொள்ளாமல், மனித வாழ்க்கை வளர்ந்த படிகளாகக் கண்டார்: குறிஞ்சியில் வேட்டை, முல்லையில் மேய்ச்சல், மருதத்தில் உழவு. மண்வெட்டியும் உருப்பெருக்கியும் இன்றுபோல் உதவாத காலத்தில், இலக்கியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்த இந்த அனுமானம் சாமானியமானதன்று. அதில் முக்கால் பங்கு சரியென்றே நான் நினைக்கிறேன். பிழைபட்ட கால் பங்குதான் இன்றைய என் பேச்சுக்குப் பொருள். தென்னாட்டில் உழவு பிறந்தது மருதத்தில் அன்று. ஆறில்லாத, ஏரியில்லாத, வானம் பார்த்த முல்லையின் மேட்டு நிலத்தில், மாட்டுப் பட்டியின் ஓரத்தில், நாம் இன்று புஞ்சைத் தவசமென்று இளக்காரமாகப் பேசும் கொள்ளையும் பாசிப்பயற்றையும் சிறுமணிப் புற்களையும் கொண்டு அது பிறந்தது. நெல் அந்த வீட்டுக்கு மிகவும் பிந்தி வந்த விருந்தாளி.

இதற்கு ஆதாரம் சாம்பலில் கிடக்கிறது. கர்நாடகத்தின் பெல்லாரி, ராய்ச்சூர், குல்பர்காப் பக்கங்களிலும், அவற்றை அடுத்த தெலுங்கு மாவட்டங்களிலும், கருங்கற்குன்றுகளின் அடிவாரத்தில் பெரும் சாம்பல் மேடுகள் நூற்றுக்கு மேல் காணப்படுகின்றன. சில மேடுகளில் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாகவே இறுகியிருக்கிறது. இவை என்னவென்று சொல்ல மக்கள் கதைகள் வைத்திருந்தார்கள். இராமாயணத்துக் கிஷ்கிந்தை என்று மக்கள் நம்பும் ஹம்பிக்கருகே, நிம்பாபுரத்தில் இருக்கும் மேட்டை, வாலியைத் தகனம் செய்த சாம்பல் என்று இன்றும் காட்டுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பக்கம் சுற்றிய நியூபோல்டு என்ற படை அதிகாரிக்கு, இத்தகைய மேடொன்று ராட்சதனின் எலும்பு எரிந்த இடம் என்று சொல்லப்பட்டது. ராபர்ட் சுவெல் என்ற சரித்திர ஆசிரியர், விஜயநகர காலத்தில் பெருந்தொகையாக உடன்கட்டை ஏறியவர்களின் சாம்பலாக இருக்கலாமென்று அபிப்பிராயப்பட்டார். படித்தவரின் கதைக்கும் படியாதவரின் கதைக்கும் இங்கே அதிக வித்தியாசமில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பல்லாவரத்து ஃபுட் துரைதான் சரியான விடையைச் சொன்னவர். இது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல், புதிய கற்கால மக்களின் மாட்டுத் தொழுவங்கள் இருந்த இடம் என்று அவர் எழுதினார். அந்தக் கூற்றை இரசாயன முறையில் பரிசோதித்து ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் லண்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் சாய்னர். மண்வெட்டியால் நிறுவியவர் ரேமண்ட் ஆல்சின். ஆல்சின் 1957இல் இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் அகழ்ந்தபோது, மரக்கம்பங்களை நெருக்கமாக நட்டு அமைத்த வேலியும், அவ்வேலி தீப்பட்டதும், மறுபடி கட்டப்பட்டதும், மறுபடி எரிந்ததும் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. சாம்பலுக்குள் மாட்டின் குளம்புத் தடங்கள் பதிந்தபடியே இருந்தன. பிற்பாடு, புடிஹாள் என்ற இடத்துச் சாம்பல் மேட்டில் கே. பத்தய்யா நடத்திய விரிவான அகழாய்வில், பட்டிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பும், கல்லாயுதம் செய்த இடமும், கால்நடைகளை அறுத்துக் கூறுபோட்ட களமும் கிடைத்தன. ஆகவே இவை வழிப்போக்கில் தங்கிய கொட்டகைகள் அல்ல. பலர் கூடி வாழ்ந்த ஊர்கள். இவற்றின் காலம் கி.மு. 3000 வாக்கில் தொடங்கி, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீள்கிறது.

சாணத்தை ஏன் எரித்தார்கள்? உரமாகப் பயன்படக்கூடிய பொருளை மலைபோல் குவித்துக் கொளுத்துவது உழவன் செய்கிற காரியமாக நமக்குத் தோன்றவில்லை. ஆல்சின் இதைச் சடங்கென்று கருதி, போகியும் மாட்டுப் பொங்கலும் தீபாவளியும் ஹோலியும் போன்ற நெருப்போடும் மாட்டோடும் சம்பந்தப்பட்ட விழாக்களை நினைவூட்டினார். கர்நாடகக் கிராமங்களில் சங்கராந்தி அன்று மாடுகளை நெருப்பைத் தாண்டி ஓட்டுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீடு இயற்கையாகவே தோன்றும். ஆனால் ஐயாயிரம் ஆண்டு இடைவெளியை ஒரு பண்டிகையால் தாண்டிவிடலாம் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். உண்ணியையும் ஈயையும் நோயையும் ஒழிக்கக் கொளுத்தியிருக்கலாம். பருவம் மாறி இடம் பெயரும்போது பழைய பட்டியைத் தீயிட்டு விட்டுச் சென்றிருக்கலாம். அந்தக் காரியமே நாளடைவில் சடங்காகியிருக்கலாம். பயன் என்பதும் பக்தி என்பதும் வேறு வேறாகப் பிரியாத காலம் அது.

நம் வாதத்துக்கு முக்கியமானது வேறொன்று. முந்தைய சாம்பல் மேடுகளில் மாட்டெலும்பு ஏராளமாகக் கிடைக்கிறது. பயிரிட்ட தானியம் தெளிவாகக் கிடைப்பதோ ஏறக்குறைய கி.மு. 2200க்குப் பின்னர்தான். மேற்கு ஆசியாவில் விதை முந்தி, மந்தை பிந்தி. தென்னாட்டில் மந்தை முந்தி, விதை பிந்தி. இங்கே என் யூகமொன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் இன்றைக்கும் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசனப் பகுதிவரை போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறார்கள். ஓரிரவு கிடை அமர்ந்த நிலத்துக்கு உழவன் கூலி கொடுக்கிறான். கிடை எழுந்துபோன இடத்தில், எரு மிகுந்த மண்ணில், ஆடுமாட்டின் வயிற்றைக் கடந்து வந்த விதைகள் மழை விழுந்ததும் மற்ற இடத்தைக் காட்டிலும் செழித்து முளைப்பதை எந்தக் கிராமத்துச் சிறுவனும் கண்டிருப்பான். பட்டியோரத்தில் தானாக முளைத்த கொள்ளையும் புல்லரிசியையும் பறித்து உண்டவர்கள், மறு ஆண்டில் அதே இடத்தில் ஒரு பிடி விதையைத் தாமே தூவுவதற்கு மகத்தான கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. பட்டியை ஓரிடத்தில் நிலைக்கச் செய்தவர்கள்தான் வயலுக்கு அடிகோலினார்கள்.

அந்த விதைகள் எவை என்பதைக் கண்டறிந்த முறையும் சுவையானது. அகழ்ந்த மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால், மண் அடியில் தங்கும். அடுப்பில் தவறி விழுந்து கரியாகிப்போன தானிய மணிகள் மேலே மிதக்கும். நுண்ணிய வலையில் அவற்றை அள்ளி உலர்த்தி உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ரவி கோரிசெட்டர், பி. சி. வெங்கடசுப்பையா, டோரியன் ஃபுல்லர் முதலியோர் பெல்லாரிக்கருகிலுள்ள சங்கனகல்லு உள்ளிட்ட பல இடங்களில் இவ்வாறு செய்து, 2004இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மீண்டும் மீண்டும் கிடைத்தவை இரண்டு பயறும் இரண்டு புல்லும்: கொள்ளு, பாசிப்பயறு, கன்னடர் கொறலெ என்றும் தெலுங்கர் அண்டுகொர்ரலு என்றும் சொல்லும் சிறுதானியம், அதற்கு உறவான, தினைக்கும் நெருங்கிய மற்றொரு புல்மணி. நான்கும் இந்த மண்ணுக்கே உரியவை. பருவமழையை மட்டும் நம்பிச் சில மாதங்களில் விளைந்துவிடுபவை. பாசிப்பயற்றின் காட்டு மூதாதை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்கு மலைகளிலும் காட்டோரங்களில் இன்றும் படர்கிறது. ஆகவே, பிறர் கற்றுக்கொடுத்த உழவாக மட்டும் இதைக் கருத முடியாது. உலகில் மனிதர் தாமே பயிரைப் பழக்கிய இடங்களின் வரிசையில் தக்காணத்துக்கும் ஒரு ஸ்தானம் உண்டென்று அறிஞர்கள் இப்போது ஒப்புகிறார்கள்.

கொள்ளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லி, அதை மருந்தாகவும் குதிரைத் தீனியாகவும் ஒதுக்கிவிட்டோம். ஆனால் தென்னிந்தியாவின் ஆதிப் பயிர் இன்னதென்று ஒன்றை மட்டும் சுட்டச் சொன்னால், நான் கொள்ளைத்தான் சுட்டுவேன். காட்டு விதைக்குத் தோல் தடிப்பு. மழை பொய்த்துப்போகும் ஆண்டில் எல்லாம் ஒருங்கே முளைத்து ஒருங்கே மாண்டுவிடாமல், சில விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து மறு மழையில் எழும்பொருட்டு இயற்கை செய்த ஏற்பாடு அது. உழவனுக்கோ விதைத்தவை அனைத்தும் ஒன்றாக முளைத்தாக வேண்டும். எனவே அவன் கையில் பயிர் பழகப் பழக, தோல் மெலிந்து வந்தது. சார்லீன் மர்ஃபியும் ஃபுல்லரும் அகழாய்வில் கிடைத்த கொள்ளு மணிகளை, உடைக்காமல், மிக வலிமை வாய்ந்த எக்ஸ் கதிரால் ஊடுருவிப் பார்த்து, கி.மு. 2000 வாக்கிலிருந்து கி.பி. 1200 வாக்கு வரையில் அந்தத் தோல் மெலிந்து வந்த வரலாற்றை 2017இல் அளந்து காட்டினார்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வரை போகவேண்டாதவர்கள் நம் தாய்மார்கள். இரவு கொள்ளையோ பாசிப்பயற்றையோ ஊறப்போட்டுக் காலையில் பார்த்தால், எல்லாம் பருத்திருக்க, ஒன்றிரண்டு மட்டும் ஊறாமல் கல்லாகக் கிடக்குமே, அது நாலாயிரம் ஆண்டுப் பழக்கத்துக்கும் மசியாத காட்டுக் குணத்தின் மிச்சம்.

பிற்பாடு விருந்தாளிகள் வந்தார்கள். கோதுமையும் வாற்கோதுமையும் வடமேற்கிலிருந்து கி.மு. 2000ஐ ஒட்டி வந்தன. ஆனால் குளிர்காலப் பயிர்களாகிய அவற்றுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளாததால் சில இடங்களோடு நின்றுவிட்டன. கம்பு, சோளம், கேழ்வரகு, அவரை, தட்டைப்பயறு ஆகிய ஐந்தும் ஆப்பிரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஆடி மாதத்தில் நம் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்குரிய கேழ்வரகு கிழக்காப்பிரிக்க மேட்டு நிலத்தில் பழக்கப்பட்டது என்றால் நம்பச் சிலர் தயங்கக்கூடும். முருகனுக்கு உகந்ததென்று நாம் போற்றும் தினையும் வட சீனத்தில் முதலில் பயிரானதென்பதே இன்று பெரும்பான்மைக் கருத்து. துவரையோ நம் நாட்டுப் பிள்ளை. அதன் காட்டு உறவு பஸ்தர், ஒடிசாக் காடுகளில் இருக்கிறது. சாமையும் வரகும் குதிரைவாலியும் அவ்வாறே இந்தியாவில் பிறந்தவை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நம் ஊரின் கணினி வளாகங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் இவற்றை விலை கொடுத்து வாங்கி உண்ணுகிறார்கள். இவை அனைத்தும் ‘நம் முன்னோர் உணவு’ என்ற விளம்பரத்தில் பாதிதான் உண்மை என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்குள் இக்கதையின் பழைய ஏடு பையம்பள்ளி. அந்நாளைய வட ஆற்காடு மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருக்கும் இவ்வூரில் எஸ். ஆர். ராவ் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தது. தரையைக் குடைந்து, மேலே கூரையிட்டு வாழ்ந்த குழிவீடுகளும், வழவழவென்று தேய்த்த கற்கோடரிகளும், அரைகற்களும், கையால் வனைந்த சாம்பல் நிற மட்கலங்களும், கருகிய கொள்ளும் பாசிப்பயறும் அங்கே கிடைத்தன. சேர்வராயன் மலையிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலும் இத்தகைய கற்கோடரிகளைப் பொறுக்கிச் சேர்த்துச் சிறு கோயில்களில் வைத்து வழிபடும் வழக்கம் இருந்ததை ஃபுட் காலத்திலிருந்தே பலர் குறித்திருக்கிறார்கள். காடு வெட்டி நிலம் திருத்தியவனின் கருவி அவனுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குத் தெய்வமானதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கால்நடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செம்மறியும் வெள்ளாடும் மேற்கு ஆசியாவில் பழக்கப்பட்டு வந்தவை. திமிலுடைய நம் மாடு அப்படியன்று. ஐரோப்பிய மாட்டின் வம்சமும் இதன் வம்சமும் மனிதன் இரண்டையும் தொடுவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதை 1994இலிருந்து மரபணு ஆராய்ச்சி காட்டி வருகிறது. சிந்து வெளிக்கு மேற்கே, பலுச்சிஸ்தானத்து மெஹர்கரில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஊரில் இந்தத் திமில் மாடு படிப்படியாகத் தொழுவத்துக்குள் வந்தது. காங்கேயமும் புலிக்குளமும் உம்பளச்சேரியும், பழைய மாமல்லபுரச் சாலை நடுவே படுத்து அசைபோட்டு உங்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் மாடுகளும் அந்த வழித்தோன்றல்களே. கோழியின் கதையில் தென்னாட்டுக்கு ஒரு தனிப் பங்குண்டு. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக் கோழி. ஆனால் அதன் தோலுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபுக்கூறு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் கூவித் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலகெங்கும் தட்டில் வரும் மஞ்சள் தோல் கோழி ஒவ்வொன்றும் அந்த வகையில் தென்னிந்தியாவுக்குக் கடன்பட்டிருக்கிறது.

கடைசியாக நெல். கங்கைச் சமவெளியில் லகுராதேவாவில் மிகப் பழைய காலத்திலேயே அரிசியை உண்டார்கள் என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அது முழுமையாகப் பழகிய பயிராகிப் பரவுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. தமிழகத்திலோ நெல் இரும்புக் காலத்துக்கு முன் காணப்படவில்லை. 1899 முதல் 1905 வரையில் ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டிய அலெக்சாண்டர் ரே, கலங்களுக்குள் நெல் உமியையும் சிறுதானிய உமியையும் கண்டு எழுதிவைத்தார். பழனிக்கருகிலுள்ள பொருந்தலில் 2009இலும் அடுத்த ஆண்டிலும் அகழ்ந்த கா. ராஜன், ஈமக்குழியொன்றில் நான்கு கால்களுடைய ஜாடியில் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல்லைக் கண்டார்; அதன் காலம் கி.மு. 490. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் தாழியொன்றிலிருந்து எடுத்த, மண்ணோடு கலந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூன்றும் சாவுச் சடங்கில் வைத்த நெல் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றாடம் தின்றதைவிட, அருமையாகக் கிடைத்ததையே இறந்தவருக்கு வைப்பது உலக வழக்கம். அக்காலத்தில் நெல் செல்வர் உணவாக இருந்திருக்குமென்றும், ஊரார் வயிற்றை நிரப்பியவை புஞ்சைத் தவசங்களே என்றும் நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரிகளை வெட்டி, மதகு வைத்து, இந்தச் செங்கல்பட்டுப் பிரதேசத்தை ஏரி மாவட்டமாக்கி, நெல்லைச் சாதாரண மனிதனின் சோறாக்கியது அதற்கும் வெகுகாலம் பிந்திய உழைப்பு.

அந்த இடைக்காலத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியது ஏராளம். அதற்குரிய சான்றோ நம் காலடியிலேயே கிடக்கிறது. திருப்போரூருக்கருகே சிறுதாவூரிலும், செங்கல்பட்டுப் பக்கம் சாணூரிலும், திருக்கழுக்குன்றத்துக்கு அருகே குன்னத்தூரிலும் இரும்புக் கால மக்களின் கல்வட்டங்களும் ஈமப்பேழைகளும் அகழப்பட்டிருக்கின்றன. பல்லாவரத்திலும் அத்தகைய சுடுமண் பேழைகள் வெளிப்பட்டிருக்கின்றன. தாம்பரம் தொடங்கிக் கேளம்பாக்கம் வரையில் அடுக்குமாடிகளுக்காக நாள்தோறும் பூமி தோண்டப்படுகிறது. பானை அகப்பட்டால் பொன் இருக்குமென்று உடைத்துப் பார்ப்பதும், உள்ளே மண் மட்டுமே இருக்கக் கண்டு அதைக் கொட்டிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. சிவகளைத் தாழிக்கு வயது சொன்னது அத்தகைய மண்ணோடு கிடந்த நெல்தான். 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவரின் கடமை. ஆதலால் வீடு கட்டுகிறவர்களையும் கிணறு வெட்டுகிறவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: தாழியோ பேழையோ தென்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள், உள்ளிருக்கும் மண்ணில் ஒரு பிடியும் வெளியே கொட்டாதீர்கள், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.